ஊசி போட்டால் ஆசை எங்கே போகிறது?

கோசல மன்னன் பசேனதி நல்ல சாப்பாட்டுப் பிரியன். ஒரு வேளைக்கு மரக்கால் கணக்கில் சோறு இறங்கும். அப்படி ஒருநாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு புத்தரைப் பார்க்க வந்து உட்கார்ந்தான். அவன் நிலையைப் பார்த்த புத்தர் நீட்டி முழக்கவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், மூப்பு மெதுவாக வரும் என்ற கருத்தில் ஒரே ஒரு பாட்டுச் சொன்னார். மன்னனுக்குப் பின்னால் சுதஸ்ஸனன் என்ற இளைஞன் நின்றிருந்தான். மன்னன் அவனைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடம் பண்ணிக்கொள்ளச் சொன்னான். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் நின்று அதைச் சொல்வதுதான் வேலை, நாளொன்றுக்கு நூறு கஹாபணம் சம்பளம். நாள் போகப் போகச் சோற்றின் அளவு குறைந்து, கடைசியில் ஒரு நாழியில் வந்து நின்றது. உடம்பு இளைத்த மன்னன் தன் கைகால்களைத் தடவிப் பார்த்துப் புத்தரை வாழ்த்தினான் என்கிறது சம்யுத்த நிகாயம்.

இந்தக் கதையில் மன்னன் தன் மன உறுதியைக் கொஞ்சமும் நம்பவில்லை என்பதுதான் விசேஷம். ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஒவ்வொரு வேளையும் நினைவூட்ட ஏற்பாடு செய்துகொண்டான். காசு கொடுத்து அடக்கத்தை வாங்கினான் என்றுகூடச் சொல்லலாம். அதை ஏமாற்று வேலை என்று புத்தரும் சொல்லவில்லை, கதையைத் தொகுத்த துறவிகளும் சொல்லவில்லை.

இன்று அந்த வேலையை ஒரு பேனா செய்கிறது. 2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் நோவோ நார்டிஸ்க்கின் வெகோவி வந்தது. டிசம்பரில் அதே நிறுவனம் சர்க்கரை நோய்க்கான ஓசெம்பிக்கையும் இறக்கியது. வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்ளும் ஊசிகள் இவை. கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஐடி கம்பெனி கேன்டீனிலும் யாராவது திடீரென்று இளைத்திருந்தால், "ஊசியா?" என்ற கேள்வி இப்போது சகஜமாக வருகிறது. அந்தக் கேள்வியில் பாதி விசாரிப்பு, பாதி குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நாக்கை அடக்குவது உலகத்தின் பெரிய மதங்கள் எல்லாவற்றிலும் சாதகனின் பாலபாடம். எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி எவாக்ரியஸ் 4-ஆம் நூற்றாண்டில் மனிதனை வீழ்த்தும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டபோது, பெருந்தீனியை முதலாவதாக வைத்தார். ஏகாதசி, சஷ்டி, ரமலான், தவக்காலம், பர்யூஷணம் என எந்த விரதத்தை எடுத்தாலும் பசியோடு மல்லுக்கு நிற்பதே சாதனை. மல்லுக்கு நிற்காமலே ஒருவர் ஜெயித்துவிட்டால், அந்த ஜெயத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரே இந்தக் கேள்வியை முப்பத்தைந்து ஆண்டுகள் சுமந்தவர். 1988-இல் மாதக்கணக்கில் திரவ உணவிலேயே இருந்து எடையைக் குறைத்து, குறைந்த எடைக்கு ஈடாக முப்பது கிலோ கொழுப்பை ஒரு சின்னச் சிவப்பு வண்டியில் வைத்து மேடையில் இழுத்துவந்து காட்டினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எடையோ கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. 2023 டிசம்பரில், தான் எடை குறைப்பு மருந்து எடுப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மார்ச்சில் பருமனைச் சுற்றியுள்ள அவமானத்தைப் பற்றி ஒரு தனி நிகழ்ச்சியே நடத்தினார். பட்டினி கிடந்தபோது கைதட்டிய உலகம் மருந்தைச் சொன்னபோது முகம் சுளித்தது. இரண்டிலும் உடம்பு ஒன்றுதான், இளைத்ததும் ஒன்றுதான்.

மருந்து செய்வது என்ன? சாப்பாடு உள்ளே போனதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. ஜி.எல்.பி-1 என்பது அதன் பெயர். இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். இயற்கையில் அது ரத்தத்தில் ஓரிரு நிமிடம்தான் தாங்கும். அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா என்ற விஷப் பல்லி இருக்கிறது. வருஷத்துக்குச் சில தடவை மட்டுமே இரை எடுக்கும் பிராணி. அதன் நச்சில் இதேபோன்ற, ஆனால் நெடுநேரம் நிற்கும் ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்ற மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த சர்க்கரை நோய் மருந்து 2005-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அந்த வரிசையில் பின்னால் வந்ததுதான் ஓசெம்பிக்குக்கும் வெகோவிக்கும் உள்ளே இருக்கும் செமாகுளூடைட். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைட் இன்னும் ஒரு படி மேலே போய், ஜி.ஐ.பி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

போட்டுக்கொண்டவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. மண்டைக்குள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு இரைச்சல் நின்றுவிட்டது என்கிறார்கள். காலை டிபன் முடியும்போதே மதியத்துக்கு என்ன என்ற யோசனை, டப்பாவில் மிச்சம் இருக்கும் முறுக்கின் ஞாபகம், ஆர்டர் போடலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. பிரியாணி எதிரே இருக்கிறது, கை போகவில்லை.

இங்கேதான் பகவத் கீதை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 59-ஆவது சுலோகம் பட்டினிக்கு ஒரு எல்லை வகுக்கிறது. உண்ணாதவனை விட்டு உணவு விலகும், உணவின் மேலுள்ள ருசி விலகாது, பரம்பொருளைக் கண்ட பிறகே அந்த ருசியும் கழன்றுபோகும் என்பது அதன் சாரம். சத்திய சோதனையில் உபவாசம் பற்றி எழுதும்போது காந்தி இந்தச் சுலோகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். வாயைக் கட்டிவிட்டு மனத்தால் தின்றுகொண்டிருப்பது உபவாசமாகாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஊசியோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. தட்டு அப்படியே இருக்கிறது, ருசிதான் முதலில் போகிறது. பரம்பொருளைக் காண்பவனுக்குக் கடைசியில் கிடைப்பதாகக் கீதை சொன்னது, 0.25 மில்லிகிராமில் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் இது ஞானமா? ஒரு மருத்துவ ஆய்வே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. செமாகுளூடைடை 68 வாரம் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இழந்தார்கள். மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ருசி செத்துப்போகவில்லை, வாசலுக்கு வெளியே காத்திருந்தது.

மேற்கத்தியத் தத்துவத்திலும் இந்த வழக்கு பழையது. அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் ஆசை வந்தும் அடக்கிக்கொள்பவன். இன்னொருவனுக்குத் தகாத ஆசை எழுவதே இல்லை. இரண்டாமவனே உயர்ந்தவன் என்பது அவர் தீர்ப்பு. 1785-இல் எழுதிய கான்ட்டோ, விருப்பம் ஒரு பக்கம் இழுக்கையில் கடமைக்காக மறுபக்கம் நிற்பதில்தான் ஒழுக்கத்தின் மதிப்பு தெளிவாகத் தெரிகிறது என்றார். ஊசி போட்டவர் கான்ட்டின் பரீட்சையை எழுதவே இல்லை. அரிஸ்டாட்டிலின் பரீட்சையில் விடை சரி, ஆனால் வழிமுறை இல்லை. பழகிப் பழகி வரவேண்டிய குணம் பழகாமலே வந்திருக்கிறது. ஆகவே அது குணம் என்ற கணக்கில் சேராது, உடல்நிலை என்ற கணக்கில்தான் சேரும். காய்ச்சல் இறங்கியவனை யாரும் பொறுமைசாலி என்று பாராட்டுவதில்லை, பாராசிட்டமால் போட்டதற்காகக் கோழை என்று திட்டுவதும் இல்லை.

மத அறிஞர்கள் இதை ஓரளவு நிதானமாகவே அணுகியிருக்கிறார்கள். நோன்பு நேரத்தில் ஊசி போடலாமா என்ற கேள்வி இந்த மருந்துகள் வருவதற்கு முன்பே இஸ்லாமிய உலகில் எழுந்தது. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது, ஊட்டச்சத்துத் திரவங்கள் மட்டும் விலக்கு என்று தீர்மானித்தது. சட்டப்படி நோன்பு செல்லும். ஆனால் பசியே தெரியாமல் கழிந்த நோன்பு, பசித்தவனின் நிலையை உணர்த்துமா? ஏகாதசிக்குத் தண்ணீர்கூடத் தொடாமல் இருப்பவருக்கும் இதே கேள்வி உண்டு. உடம்பின் பக்கம் வேறொரு எச்சரிக்கையும் இருக்கிறது. குமட்டலும் வாந்தியும் இந்த மருந்தின் சாதாரணப் பக்கவிளைவுகள். அதோடு நிர்ஜலமாக இருந்தால் நீர்ச்சத்து குறைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். விரதம் இருப்பதாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெருந்தீனி என்பது அளவு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்கள் போப் முதலாம் கிரகரியைப் படித்துப் பார்க்கலாம். 6-ஆம் நூற்றாண்டில் யோபு நூலுக்கு எழுதிய பெரிய உரையில், பெருந்தீனி ஐந்து வழிகளில் வரும் என்கிறார் அவர். நேரத்துக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, பக்குவத்தில் அளவுக்கு மீறி நுணுக்கம் பார்ப்பது, அதிகம் தின்பது, பறந்து பறந்து தின்பது. கடைசி வகைக்கு அவர் காட்டும் ஆள் ஏசா. வேட்டையிலிருந்து களைத்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சி வைத்திருந்த பயற்றங்கூழுக்காகத் தன் மூத்த மகன் உரிமையையே விற்றுவிட்டான். கூழ் ஒன்றும் ராஜ போஜனம் கிடையாது. ஒரு கிண்ணம்தான். குற்றம் அவசரத்தில் இருந்தது.

ஐந்தில் ஊசி தொடுவது அளவையும் பரபரப்பையும்தான். அதிலும் தட்டைப் பார்த்து வரும் பரபரப்பு மட்டுமே அடங்குகிறது. "கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம், அதற்குள் பத்து கிலோ" என்ற பரபரப்பு அடங்குவதில்லை. அது நாக்கிலிருந்து இறங்கி, போனைத் தடவும் விரலுக்கு வந்துவிடுகிறது. மருந்தின் கணக்கோ வேறு. வெகோவியில் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றி, முழு அளவான 2.4-ஐத் தொடவே பதினாறு வாரம் ஆகிவிடும். குடல் பழகுவதற்காக வைத்த படிகள் அவை. படியைத் தாண்டிக் குதிக்க நினைப்பவருக்கு, குதிக்க உதவும் வியாபாரியும் கிடைக்கிறார். டாக்டர் சீட்டு வேண்டாம், விலை பாதி, வீட்டுக்கே வரும்.

அப்படி வந்து சேர்வது என்ன என்பதற்கு உலகமெங்கும் உதாரணங்கள் குவிந்துவிட்டன. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில், போலி ஓசெம்பிக் என்று சந்தேகிக்கப்பட்ட ஊசியைப் போட்டுக்கொண்ட சிலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கி வலிப்பு வரை போயிருந்தது. உள்ளே இருந்தது இன்சுலின் என்றே அதிகாரிகள் கருதினார்கள். அதே மாதம் பிரிட்டனில் இரண்டு மொத்த வியாபாரிகளிடம் போலிப் பேனாக்கள் சிக்கின. தெருவோர விற்பனை இல்லை இது. ஆஸ்திரியா, ஜெர்மனி வழியாக முறையான சப்ளையர்களிடமிருந்து வந்த சரக்கு. ஜெர்மன் மொழி அச்சோடு, பார்வைக்கு அசல் போலவே இருந்த அட்டைப்பெட்டி. பெட்டிமேல் இருந்த வரிசை எண்கூட அசல் பெட்டி ஒன்றின் எண்தான். ஸ்கேன் செய்தபோது அந்த எண் செயலில் இல்லை என்று திரை காட்டியதால்தான் குட்டு வெளிப்பட்டது. அந்தச் சரக்கு நோயாளிகள் கைக்குப் போவதற்கு முன்பே தடுக்கப்பட்டது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளூடைட் குறித்து எச்சரிக்கை விட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி பேட்ச்கள் பிடிபட்டிருந்தன.

2025 அக்டோபரில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில், இந்த ஊசிகளைக் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு இடத்தை அதிகாரிகள் சோதனையிட்டார்கள். 2,000-க்கும் மேற்பட்ட பேனாக்கள் கைப்பற்றப்பட்டன. அவற்றில் ரெட்டாட்ரூடைட் என்று பெயரிட்டவையும் இருந்தன. அப்போது அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு அனுமதி பெறாத, ஆய்வு நிலையில் இருந்த மருந்து. பரிசோதனை முடியாத மருந்துக்குக் கூட வரிசையில் நிற்க ஆள் இருந்தது.

மருந்து போலியாக இல்லாவிட்டாலும் அவசரம் ஆளைக் கவிழ்க்கும். இந்த ஊசிகளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அமெரிக்காவில், தாங்களே மருந்தைக் கலந்து தரும் கலவை மருந்தகங்கள் செமாகுளூடைடைக் குப்பியில் நிரப்பி, சிரிஞ்சோடு விற்றன. மில்லிகிராமுக்கும் மில்லிலிட்டருக்கும் சிரிஞ்சின் யூனிட் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல், எடுக்க வேண்டியதைப் போல ஐந்து முதல் இருபது மடங்கு வரை உறிஞ்சிக் குத்திக்கொண்டவர்கள் உண்டு என்று 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

இத்தனை ஆபத்து தெரிந்தும் ஒளித்து வாங்குவது ஏன்? விலை ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம், பலருக்கு அதுவே பெரிய காரணம். குடும்ப டாக்டரிடம் போய்க் கேட்டால், "வாயைக் கட்டு, நட" என்று சொல்வாரோ என்ற பயம். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கினால் தெரிந்தவர் பார்ப்பாரோ என்ற கூச்சம். முகம் தெரியாத வியாபாரியிடம் எந்தக் கூச்சமும் தேவையில்லை. அவர் எடை கேட்பதில்லை, பித்தப்பைக் கல் உண்டா என்று கேட்பதில்லை, வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேட்பதில்லை. இந்தக் கேள்விகள் எல்லாம் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் இருப்பவை. குறுக்குவழி, சோம்பேறித்தனம் என்று மேடையிலும் வீட்டிலும் பேசுகிறவர்கள் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு ஒருவரையும் ஊசியிலிருந்து திருப்புவதில்லை, டாக்டரிடமிருந்து திருப்பி வாட்ஸ்அப் வியாபாரியிடம் அனுப்பிவைக்கிறது.

ஒளிப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், ஆபரேஷனுக்கு முன் பட்டினி கிடந்தாலும் வயிற்றில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. அதனால்தான் 2023 ஜூனில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், வார ஊசி போடுபவர்கள் திட்டமிட்ட அறுவைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவைக்க ஆலோசனை சொன்னது. டாக்டரிடம் உண்மையைச் சொல்வது இங்கே நற்குணம் மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டு அளவைப் பற்றியே பேசுகிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்பதுதான் அதன் அடிநாதம். ஆனால் வள்ளுவர் அதோடு அதிகாரத்தை முடித்துவிடவில்லை. நோய் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் இடம் விட்டிருக்கிறார். கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அதைப் பக்கத்தில் இருந்து பிழையில்லாமல் கொடுப்பவர். நான்கில் ஒன்று கெட்டாலும் சிகிச்சை கெடும். எடை ஊசி விஷயத்தில் எல்லாரும் மூன்றாவதைப் பற்றியே பேசுகிறார்கள். எது நல்லது, மவுன்ஜாரோவா வெகோவியா?

அந்தக் கேள்விக்கு ஒரு நேரடிப் பதில் இருக்கிறது. இரண்டையும் மோதவிட்ட ஆய்வு 2025-இல் வெளியானது. 72 வாரத்தில் டிர்செபடைட் போட்டவர்கள் சராசரியாக 20.2 சதவீதமும், செமாகுளூடைட் போட்டவர்கள் 13.7 சதவீதமும் எடை இழந்தார்கள். எடை மட்டுமே கணக்கென்றால் வழக்கு முடிந்தது. ஆனால் இதய நோய் இருந்து, சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், செமாகுளூடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை மொத்தமாக 20 சதவீதம் குறைத்தது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது டிர்செபடைட். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டிர்செபடைட் தொடங்கினால், மாத்திரையின் வீரியம் குறையலாம் என்பதால் கூடுதல் பாதுகாப்பு தேவை. ஆக, எது நல்லது என்ற கேள்வி "யாருக்கு" என்ற சொல்லைச் சேர்த்தால்தான் முழுமையாகும். அதற்கு இரண்டாமவர் வேண்டும், அதாவது உடம்பைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனையைப் படித்து, எழுதிக் கொடுக்கும் டாக்டர்.

நான்காமவரை, அதாவது மருந்தைப் பிழையில்லாமல் கையில் தரும் கடைக்காரரைக் கண்டுபிடிப்பது ரகசிய வித்தை ஒன்றும் இல்லை. இந்தியாவில் இந்த ஊசிகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு கேட்காத கடை, கேட்காததாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மருந்துக்கடை உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பில்லில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும், பெட்டியில் அச்சிட்டதோடு அவை பொருந்த வேண்டும். பருமனைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, "பத்து கிலோ கேரண்டி" என்ற படத்தோடு ஊசி விற்பவர், சரக்கைப் பற்றிய சந்தேகத்துக்கு முன்பே சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்கிறார்.

குளிர்ச்சி இன்னொரு சோதனை. திறக்காத மவுன்ஜாரோ 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தால் 30 டிகிரிக்கு மேல் போகாமல், அதிகபட்சம் 21 நாள். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். சென்னையில் மே மாத மதியம் பைக்கில் சாதாரணப் பையில் போட்டு அனுப்பிய ஊசி, அசலாகவே இருந்தாலும் வீட்டுக்கு வரும்போது எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஐஸ் பேக்கோடு எடுத்து, பெட்டி பிரிக்கப்படவில்லை என்று காட்டி, எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிற கடைக்காரர்தான் குறள் சொன்ன நான்காவது ஆள்.

விலைக்கு வருவோம், ஏனென்றால் அறத்தின் கேள்வி அங்கேயும் நிற்கிறது. அறிமுகமானபோது மவுன்ஜாரோ 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று, மாதத்துக்கு நான்கு. வெகோவியின் தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாயாக வந்து, 2025 நவம்பரில் 10,850-க்கு இறங்கியது. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயது வந்தவர்களில் 39.5 சதவீதத்தினருக்குத் தொந்திப் பருமன் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேரால் மாதம் பத்தாயிரம் ஒதுக்க முடியும்? உலகச் சந்தையில் தட்டுப்பாடு வந்த ஆண்டுகளில், உடம்பை அழகாக்க விரும்பியவர்கள் வாங்கிக் குவித்ததில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஓசெம்பிக் கிடைக்காமல் போனதும் நடந்தது. தனக்கு வேண்டுமா என்ற கேள்வியோடு, தான் எடுப்பதால் யாருக்கு இல்லாமல் போகிறது என்ற கேள்வியும் அப்போது சேர்ந்துகொண்டது.

தமிழ் மரபு பசியை எதிரியாகவே பார்த்து வந்திருக்கிறது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்தது அதற்காகத்தான். 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டியதும் அதற்காகத்தான். சோறு போட்டுப் பசியைத் தீர்ப்பது அறமாக இருந்த மண்ணில், சோறு இருந்தும் பசியைத் தீர்க்க ஊசி வருவது பலருக்கு உறுத்தலாம். ஆனால் அந்த அறத்தின் மூலம் துன்பத்தைக் கண்டு இரங்குவதில் இருக்கிறது. மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாதவரின் துன்பமும், இருபது வருஷமாக டயட் இருந்து இருந்து தோற்றவரின் துன்பமும் அந்த இரக்கத்துக்கு வெளியே போக வேண்டிய காரணம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் பருமனுக்கு இந்த மருந்துகளைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது. நீண்டகால விளைவுகள் பற்றிய சான்று போதாமை, செலவு, எல்லாருக்கும் கிடைக்காத நிலை ஆகியவை அதற்குச் சொன்ன காரணங்கள். உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களையும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்றது. நிறுத்துவது பற்றிய கேள்வி அதிலும் தொங்குகிறது. டிர்செபடைட் ஆய்வு ஒன்றில், 36 வாரம் மருந்து போட்டபின் பாதிப் பேருக்கு அதை நிறுத்தி வெற்று ஊசி கொடுத்தார்கள். அடுத்த ஓராண்டில் அவர்களுக்கு 14 சதவீதம் எடை ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தியதும் பிரஷர் ஏறினால், அது மருந்து வேலை செய்ததற்கு அத்தாட்சி என்கிறோம். எடை ஏறினால் மட்டும் ஆளின் குணத்தைச் சந்தேகிக்கிறோம்.

செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். உள்நாட்டு நிறுவனங்கள் பல இந்தத் தேதிக்காகவே தயாரிப்பு வேலையை முன்கூட்டித் தொடங்கியவை. விலை இறங்கும்போது வெளியே நின்றவர்கள் பலர் உள்ளே வருவார்கள். பிராண்டுகள் பெருகும்போது பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கடினமாகும், போலிக்கும் இடம் கூடும். அதற்குள் இரண்டு இடங்களில் பேச்சு மாற வேண்டும். டாக்டர் அறையில், ஊசி கேட்டு வருபவரைக் குற்றவாளியைப் போல நடத்தாமல், எதற்காக, எவ்வளவு காலம், நிறுத்தும்போது என்ன திட்டம் என்று கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். கோயில் பிரசங்கத்திலும் ஜும்ஆ உரையிலும் ஞாயிறு ஆராதனையிலும், நாக்கை அடக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் மருந்து எடுப்பவரையும் கேட்பவர்களில் ஒருவராக நினைத்துப் பேச வேண்டும். அவருக்குத் தட்டின் முன்னால் போராட்டம் குறைந்திருக்கலாம். அவசரப்படாமல் இருப்பதற்கும், மறைக்காமல் இருப்பதற்கும், யாரை நம்புவது என்று தீர்மானிப்பதற்கும் அவருக்கு இன்னும் வழிகாட்டல் தேவைப்படுகிறது.